கரகரக்காத ஆம்ப்

பழைய ஆம்ப்ளிஃபயர் என்றாலே எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் தேடுவது ஒரு சத்தத்தை. வால்வு சூடேறி, ஒலியைக் கொஞ்சம் கூட்டியதும் ஓரத்தில் பிசிறடித்துக் கரகரக்கும் சத்தம். 1950களின் சின்ன ஃபெண்டர் ஆம்ப்களுக்கு இன்று இருக்கும் மவுசு பெரும்பாலும் அதனால் வந்ததுதான். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் அதே கடைக்குள் போனால், மற்றவர்கள் ஒதுக்கிய பெட்டியின் முன்னால்தான் உட்காருவார். அவர் செய்வதே சரி என்பது என் கட்சி.

காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. நம் சித்திரவீணையைப் போல இதிலும் தந்தியை மெட்டில் அழுத்துவது கிடையாது. இடது கை ஓர் எஃகுத் தண்டைத் தந்திகளின் மேல் நகர்த்துகிறது. இடது கால் மிதிக்கும் பெடல்களும் முழங்கால் தள்ளும் நெம்புகோல்களும் சில தந்திகளின் சுருதியை மட்டும் மாற்றுகின்றன, மற்றவை அசையாமல் நிற்கின்றன. வலது காலுக்கு வேறு வேலை. அதன் கீழே வால்யூம் பெடல். தந்தியை மீட்டும்போது பெடல் பாதி அளவில்தான் இருக்கும். நாதம் தேயத் தேயக் கால் மெல்ல இறங்கும். கேட்பவருக்கு ஸ்வரம் தேய்வதே தெரியாது. கன்ட்ரி இசையில் ஸ்டீல் அழுவது போல் நீள்கிறதே, அந்த நீளம் பாதி வாத்தியத்திலும் பாதி இந்தக் காலிலும் இருக்கிறது.

கால் முழுக்க இறங்கியிருக்கும்போது விரல் அடுத்த தந்தியை ஓங்கி மீட்டினால்? ஆம்ப் அதையும் தெளிவாகத் தாங்கியாக வேண்டும். அந்தக் கையிருப்பைத்தான் ஹெட்ரூம் என்கிறார்கள். மின்திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். 25 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது வெறும் 6 டெசிபெல். சின்ன மேடைக்குக்கூட ஸ்டீல்காரர்கள் 100, 200 வாட் பெட்டியைச் சுமந்து போவது உரக்க வாசிக்க அல்ல, இந்தக் கையிருப்புக்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒற்றை ஸ்வரத்தில் கரகரப்பு அழகாக இருக்கலாம். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க, அவற்றில் ஒன்று மட்டும் பெடலால் மேலேறும்போது ஆம்ப் கரகரத்தால், அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமாக யாரும் வாசிக்காத ஒலிகள் உள்ளே புகுந்துவிடும். காதால் சேர்த்த சுருதி அத்தனையும் குழம்பிப் போகும்.

1953இல் கலிஃபோர்னியாவில் பாப் க்ரூக்ஸ் என்பவர் ஸ்டாண்டெல் 25எல்15 ஆம்பைச் செய்தார். முதலில் வாங்கியவர் ஸ்டீல் மேதை ஸ்பீடி வெஸ்ட். 25 வாட்தான், ஆனால் ஸ்பீக்கர் 15 அங்குல ஜேபிஎல் டி130. கொடுக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் வீணாக்காமல் ஒலியாக்கும் ஸ்பீக்கர் அது. ஸ்பீடி வெஸ்ட்டின் பதிவுகளில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் துலங்கும். இன்று அசல் ஸ்டாண்டெல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது மேடைக்குத் தூக்கிப் போகிற பொருளாக இருக்காது.

நடைமுறையில் போட்டி ஃபெண்டருக்கும் பீவிக்கும்தான். 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்: நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். அதன் ரிவர்ப், அதாவது எதிரொலி, ஸ்டீலுக்கென்றே செய்தது போல் இருக்கும். உச்ச ஸ்தாயி மட்டும் காதைக் குத்தும், பிரைட் சுவிட்சை அணைத்து ட்ரெபிளைக் குறைத்தே வாசிக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் துரத்துவது 1967 வரை வந்த கறுப்பு முகப்பு மாடலை. 1970களின் கடைசியில் வந்த வெள்ளி முகப்பு ட்வின் 135 வாட். எவ்வளவு திருகினாலும் கரகரக்க மறுக்கிறது என்று கிட்டார்காரர்கள் அதைக் குறை சொல்வார்கள். ஸ்டீல்காரருக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. எடை 30 கிலோவை ஒட்டியது, முதுகு பத்திரம். 1972இல் வந்த வைப்ரோசானிக் ரிவர்ப் இன்னும் நெருக்கமான உறவு: 100 வாட், ஒரே ஒரு 15 அங்குல ஜேபிஎல். பெரிய கூம்பு உச்ச ஸ்தாயியின் முனையை மழுக்கி, கீழ்த் தந்திகளுக்கு உடம்பு கொடுக்கிறது. ஃபெண்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என் கை இதன் மேல்தான் போகும்.

மிசிசிப்பி மாநிலம் மெரிடியனில் ஹார்ட்லி பீவி 1965இல் தொடங்கிய நிறுவனம் 1970களில் செஷன் 400ஐக் கொண்டுவந்தது. வால்வே கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர், 200 வாட், 15 அங்குல ஸ்பீக்கர். அடுத்து வந்த நாஷ்வில் 400இல், நடு அலைவரிசையில் எந்த இடத்தை வெட்டுவது என்று நாமே தேர்ந்தெடுக்க ஒரு குமிழ். 800 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தைச் சற்றுக் குறைத்தால் ஸ்டீலின் மூக்கொலி போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு உயிரில்லை என்று சொல்பவர்கள் பலர். உரக்கப் போகும்போது வால்வு அமுங்கிக் கொடுக்கும் இதத்தைத்தான் உயிர் என்கிறார்கள். ஸ்டீல்காரர் அந்த எல்லைக்கே போவதில்லை. அப்படியிருக்க இந்தப் பெட்டிகளை ஏளனம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனையோ கலைஞர்கள் இவற்றை நம்பி ஆண்டுக்கணக்கில் மேடை ஏறியிருக்கிறார்கள்.

மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீலின் வழி வேறு. பெடல் இல்லை, வாசிப்பவர் ராக் பக்கம் சாய்பவராக இருந்தால் சின்ன வால்வு ஆம்பின் உறுமல் அதற்குப் பொருந்தும். ராக் பாடகர் ஜாக்சன் பிரவுனோடு டேவிட் லிண்ட்லி லாப் ஸ்டீல் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

வாங்கப் போகிறவர்கள் சொந்த வாத்தியத்தையும் வால்யூம் பெடலையும் கொண்டு போங்கள். வேறு கிட்டாரில் சோதித்துப் பயனில்லை. பெடலை முழுக்க இறக்கி, மிகக் கீழான தந்தியை ஓங்கி மீட்டுங்கள். ஸ்பீக்கர் தொளதொளத்தால் விட்டுவிடுங்கள். வெறும் இரைச்சலும் ஹம்மும் என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காய்ந்துபோன மின்தேக்கிகள்தான். அசல் பாகம் போய்விடுமே என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றுவது மட்டும் தெரிந்த மெக்கானிக்கின் கையால் நடக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.