கோழிச் சண்டையும் லாரி வரியும்



நேற்று நம் குடும்ப குரூப்பில் தம்பி ஒருவன் எழுதியிருந்தான்: "வெளிநாட்டு வண்டிக்கு வரியை ஏற்றினால் உள்ளூர்த் தொழில் தானாக வளரும்." தானாக வளர்வது சீமைக்கருவேல மரம் மட்டும்தான், தம்பி.

அமெரிக்காவைப் பார். தன் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரியை உயர்த்திவிட்டது என்ற கோபத்தில், 1964-ல் வெளிநாட்டுப் பிக்கப் வண்டிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி ஓயவில்லை. ஜப்பான்காரன் என்ன செய்தான்? பின்தொட்டி இல்லாமல் வண்டியை இறக்கி, அங்கே போய்த் தொட்டியைப் பூட்டினான். 1980-ல் அந்த வழியையும் அடைத்தார்கள். சுபாரு கம்பெனியோ சரக்குத் தொட்டிக்குள்ளேயே இரண்டு பிளாஸ்டிக் சீட்டை வைத்து, "இது பயணிகள் வண்டி" என்றது! வண்டியின் வடிவத்தைத் தீர்மானித்தது இன்ஜினியர் இல்லை, சுங்க அதிகாரி.

நாமும் கார் இறக்குமதியை அடைத்தோம். அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்து, 2014 வரை கிட்டத்தட்ட அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டி இல்லை, கெடுவும் இல்லை. வருஷக்கணக்கில் காத்திருந்தது நாம்.

சின்ன லாரியில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. 1980-களில் டொயோட்டா, நிசான், மஸ்தா, மிட்சுபிஷி நான்கும் இந்தியக் கூட்டாளிகளோடு இங்கே வண்டி கட்ட அனுமதி கிடைத்தது. பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1985-க்குப் பிறகு யென் ஏறியது. டாலருக்கு 240 யென் இருந்தது, மூன்றே வருஷத்தில் 125 பக்கம் வந்துவிட்டது. ஜப்பான் பாகத்தை நம்பியிருந்தவர்களுக்குச் செலவு எகிறியது. 1969 வரை பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரித் தொழில் கற்ற டாடா, 1986-ல் 407-ஐ இறக்கியது.

என் சித்தப்பா மகன் முதலில் ஜப்பான் கூட்டு வண்டி ஒன்றுதான் வாங்கினார் (பெயர் வேண்டாம்). ஒரு பாகத்துக்காகத் திருச்சி ஒர்க்ஷாப்பில் மூன்று வாரம் நின்றது. அந்த மாதத் தவணைக்கு அண்ணியின் சங்கிலி அடகுக்குப் போனது. அடுத்து வாங்கியது 407. குளத்தூரிலிருந்து கீரனூருக்கு எத்தனை நடை நெல் மூட்டை ஏற்றியிருக்கும்!

டாடாவும் வரிச் சுவருக்குள் இருந்த கம்பெனிதான். ஆனால் உள்ளேயே நான்கு பேரை மோத விட்டதால் தூங்க முடியவில்லை. அம்பாசிடருக்கு அந்தத் தொல்லை வெகுகாலம் இல்லை.

ஆகவே வரி கேட்பவர்கள் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எந்தத் தேதியில் எடுப்பீர்கள்? உள்ளே யார் போட்டிக்கு நிற்பார்கள்? தம்பி, பதிலை குரூப்பிலேயே எழுது. ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவேன்.