வரலாற்று ஆராய்ச்சியும் தமிழாசிரியர் கடனும்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற அவர், முதுதத்துவமாணிப் பட்டத்தின் பொருட்டு ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாண நிலவுடைமை பற்றி இப்பொழுது ஆராய்ந்து வருகின்றார். "ஐயா, உங்கள் பாட்டனார் சேர்த்துவைத்த ஏடுகளுள் பழைய காணி உறுதிகளும் இருந்தன என்று வகுப்பிலே சொன்னீர்களே, அவற்றை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். அதற்கு நான் சொல்லவேண்டியிருந்த விடை எனக்கு நாணம் தருவது. என் போன்ற தமிழாசிரியர் சிலர்க்கேனும் பயன்படும் என்று கருதியே அதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, துவிச்சக்கர வண்டியில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன். பெட்டகத்தைத் திறந்து, பாட்டனார் கைப்பட எழுதிய கந்தபுராண ஏட்டையும் நைடத ஏட்டையும் எடுத்து மூட்டையில் வைத்தேன். அடியிலே உறுதி ஓலைக் கட்டொன்று கிடந்தது. காணி விற்றதும் ஈடு வைத்ததும் சீதனம் கொடுத்ததும் யாருக்கு வேண்டும் என்று எண்ணி அதனை அங்கேயே விட்டேன். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டகம் இருந்த இடத்திலே கறையான் புற்றிருந்தது. கந்தபுராணம் பலமுறை அச்சேறிய நூல். என் ஏடு அழிந்திருப்பினும் நூல் அழிந்திராது. அந்த உறுதிக் கட்டுக்கோ மறுபடி இல்லை. மாணவர் என்னிடம் கேட்டது அதனையே.

பல்கலைக்கழகத்திலே முதற்பட்டத்திற்குப் பயில்பவர், பிறர் ஆராய்ந்து எழுதிய வரலாற்றைக் கற்கின்றார். அதற்கு மேற் செல்பவர் மூலங்களிடமே போதல் வேண்டும். மூலங்கள் எம்மொழியில் உள்ளனவோ அம்மொழியை அறிதலும் வேண்டும். இதற்கு நல்ல சான்று காலியிலே 1911இற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டாகும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் வருகையோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. அதன் சீனப்பகுதி புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப்பகுதி இசுலாமிய நெறி சார்ந்தது. தமிழ் மட்டும் அறிந்தவர் சைவ வைணவத் தொடர்பை ஆராய்வார். சீனம் மட்டும் அறிந்தவர் பௌத்தத் தொடர்பையே பேசுவார். மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குபவரே, மூன்று சமயத்தார்க்கும் காணிக்கை செலுத்திய அரசியலை உணர்வார்.

யாழ்ப்பாண வரலாற்றுக்கும் இது பொருந்தும். போர்த்துக்கேயர் எழுதிய தோம்பும், கொழும்புச் சுவடிக்கூடத்தில் உள்ள ஒல்லாந்தக் கும்பனியின் ஆவணங்களும் எம் ஊர்களின் பெயரையும் வரியையும் குடிகளையும் சொல்கின்றன. அக்கும்பனியின் ஆவணத் தொகுதிகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துச் சிறப்பித்தது. உலகம் போற்றும் அவற்றைப் படிக்க வல்ல தமிழ் மாணவர் எத்துணையர்? என்னிடம் வந்தவர் பகலிற் பாடசாலையிற் கற்பிக்கின்றார். இரவில் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒல்லாந்த மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றார். வழிகாட்டுவோர் அருகிய நிலையில் அவர் தளராமை வியப்பிற்குரியது.

இனி, பண்டிதராகிய எம்மிடத்துக் குறையொன்றும் உண்டு. யாழ்ப்பாண வைபவமாலையை நான் பல்லாண்டு வரலாறென்றே கற்பித்து வந்தேன். ஒருமுறை இம்மாணவர் எழுந்து, "அரசு வீழ்ந்தது 1619இல், மயில்வாகனப் புலவர் எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளால் என்பர். முந்திய செய்திகளை அவர் எவ்வாறு அறிந்தார்?" என்று கேட்டார். எனக்குச் சினமே வந்தது. பின்னர் ஆறியிருந்து எண்ணினேன். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பிக்க ஏடு தேடினார். பிரதிகளை ஒப்பு நோக்கினார். வழுவுடைய பாடத்தை விலக்கினார். ஒரு சொல்லுக்குச் சான்று கேட்பது எமக்குப் பெருமையாயின், ஓர் அரசனுக்குச் சான்று கேட்பது மட்டும் எங்ஙனம் குற்றமாகும்? வைபவமாலையின் மதிப்பு இதனாற் குன்றாது. தம் காலத்தார் எதனை நம்பினர் என்பதற்கு அந்நூலே சான்று.

ஆராய்ச்சியாளர்க்கு மொழியறிவினும் அரியதொரு பண்பு வேண்டும். யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கியபோது அங்கு வரலாற்றுத்துறையை வளர்த்த பேராசிரியர் கா. இந்திரபாலா, இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பற்றி 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்கு ஆராய்ந்தவர். தொல்லியற் சான்றுகள் பெருகின. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, 2005இல் வெளிவந்த நூலிலே, குடியேற்றத்தை முதன்மையாகக் கொண்ட முன்னைய நோக்கை விட்டு, இந்நாட்டிலேயே தமிழ் இன அடையாளம் படிப்படியாக உருவாகிய முறையை விளக்கினார். தாம் எழுதியதைத் தாமே திருத்துவது எளிதன்று. முடிவை முன்னரே கையில் வைத்துக்கொண்டு சான்று தேடப் புறப்படும் இளைஞர், எத்தரப்பினராயினும், இதனை உள்ளத்திற் கொள்ளுதல் நன்று.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைந்து வருந்துகின்றோம். அது வருந்தத் தக்கதே. ஆயினும் எம் வீட்டுப் பெட்டகங்களில் எம் அசட்டையால் அழிந்தவற்றைக் கணக்கிட்டார் இல்லை. ஆதலின் ஆசிரிய அன்பர்களை வேண்டிக்கொள்கின்றேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ உறுதி ஓலையும், கோயிற் கணக்கும், பழைய பாடசாலைப் பதிவேடும் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். கைவிட மனமில்லையாயின் படமெடுக்கவேனும் இடங்கொடுங்கள். ஏடு படிக்க வல்ல பண்டிதர்கள், ஆராய்ச்சி மாணவர்க்குக் கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குக. பல்கலைக்கழகங்கள், வரலாற்றில் உயர்பட்டம் நாடுவோர்க்கு ஒல்லாந்தம், போர்த்துக்கேயம், பாளி, பழஞ்சிங்களம் என்பவற்றுள் ஆய்வுக்கு வேண்டியதைக் கற்பிக்க வழிசெய்க. மாணவரும் சிங்கள மாணவரோடு அமர்ந்து அவர்தம் மூலங்களைப் பயில்க; எம் மூலங்களை அவர்க்கும் படித்துக் காட்டுக.

அந்த மாணவர் இப்பொழுது சனிக்கிழமைதோறும் வருகின்றார். புள்ளியில்லாத எழுத்தையும், எகர ஏகார வேறுபாடு காட்டாத எழுத்தையும், காலும் ரகரமும் ஒன்றாய்த் தோன்றும் இடத்தையும் பொருள் நோக்கிப் பிரித்துப் படிக்கும் முறையை நான் சொல்கின்றேன். ஓர் ஓலையில் வரும் ஒல்லாந்தச் சொல்லை அவர் எனக்கு விளக்குகின்றார். அயல்வீட்டு மூதாட்டியார் ஒருவர் தம் தாய்வழி உறுதிக் கட்டொன்றை மனமுவந்து தந்துள்ளார். அதில் முப்பத்திரண்டு ஓலைகள். சென்ற சனியன்று ஏழாம் ஓலை படித்து முடிந்தது.