இடுப்பு வலிக்குக் கைச் சிகிச்சை: தெரிஞ்சுகிட்டுப் போங்க!



விடியுமுன் எழுந்து, குனிந்து பால்மரம் சீவி, வாளி தூக்கி, அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி வாழ்கிறவர்கள் நாம். நமக்கு இடுப்புதான் மூலதனம். அது பிடித்துக்கொண்டால் அன்றைய சம்பளமும் பிடித்துக்கொள்ளும். 'தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்'னு எத்தனை பேர் வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு வர்றோம்!

செலாயாங், பத்துமலை வட்டாரத்துக்குக் குடிவந்துவிட்ட நம் மக்கள் பலர் இப்போது 'ஆஸ்டியோபதி' பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியர் 1874-இல் தொடங்கி வைத்த முறை இது. மருந்து கிடையாது, கத்தி கிடையாது. கையாலேயே தசையை உருவி, நீட்டி, மூட்டை அசைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் முழு டாக்டர்கள். நம் நாட்டில் அப்படி அல்ல. இங்கே 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வரும் ஏழு துறைகளில் இதுவும் ஒன்று. ஆகவே, போனவுடன் 'உங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கா?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நல்ல சிகிச்சையாளர் எடுத்த எடுப்பில் கை வைக்க மாட்டார். என்ன வேலை, எப்போது வலி, என்ன மாத்திரை என்று விசாரிப்பார். நிற்கச் சொல்வார், குனியச் சொல்வார். பிறகுதான் சிகிச்சை. 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கலாம். எலும்பு உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம். இடுப்பு வலிக்காரர்களில் சிலருக்கு இதனால் நிவாரணம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாம் குணமாகும், இருபது முறை வரணும், முன்பணம் கட்டுங்க என்று ஒருவர் சொன்னால், கும்பிடு போட்டு வெளியே வந்துவிடுங்கள்!

சில வலிகளுக்கு முதலில் ஆஸ்பத்திரிதான். கால் மரத்து பலமிழந்து போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இரு தொடைகளுக்கும் நடுவே உணர்வு இல்லாமை: இவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, விழுந்து அடிபட்டது என்றாலும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். எலும்பு தேய்ந்த வயதானவர்களும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் மூட்டை முறுக்கவிடக் கூடாது. கழுத்தை வேகமாகத் திருப்புவதால் அபூர்வமாகப் பக்கவாதம்கூட வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். வேலையில் அடிபட்ட இடுப்பை நேராகத் தனியார் கைச் சிகிச்சைக்குக் கொண்டு போனால் வலி குறையலாம், பதிவு இருக்காது. ஆஸ்டியோபதிக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு மருத்துவ விடுப்புக்குச் செல்லாது. சொக்சோ உதவி கேட்கவும் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். ஆகவே அடிபட்ட அன்றே மண்டோரிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிடுங்கள். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கினால் செலாயாங் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகலாம், உடற்பயிற்சிச் சிகிச்சையும் கேட்கலாம்.

கைச் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டி சுளுக்கு எடுத்ததும் கையால்தானே! ஆனால் எவ்வளவு உருவிவிட்டாலும், மறுநாள் அதே பளுவைத் தனியாளாய்த் தூக்கினால் வலி திரும்பி வரும். பளுவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் ஒரு வைத்தியம்தான். அந்த வைத்தியத்துக்குச் சங்கம் வேண்டும், நீங்களும் வேண்டும்.

முதலில் டாக்டர், கையில் சீட்டு, பிறகு கைச் சிகிச்சை. இந்த வரிசையை மறக்காதீர்கள்!