செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்று பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வலிக்காத நோயை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. நீரிழிவு நம்மை வெல்வது இங்கேதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் தொழிலாளி. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாதந்தோறும் மாத்திரை வாங்கி வருவார். ஒருநாள் அவர் நடந்த தரையில் இரத்தக் கறையைக் கண்டு அம்மா பதறினார். உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்தது. அப்பாவுக்குத் தெரியவே இல்லை. புண் ஆறாமல், ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. அத்தனை ஆண்டுகளில் அவர் பாதத்தை எவரும் பார்த்ததில்லை, அவரும் காட்டியதில்லை. "சுகர் எவ்வளவு?" என்ற கேள்வியோடு வைத்தியம் முடிந்துவிட்டது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதம் மூன்றும் ஓசையின்றிப் பழுதாகின்றன. இவற்றைத் தடுக்க முடியாதா? முடியும். பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ச் சிக்கல்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதும் பெரும் பலன் தந்தது.

ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' சோதனையும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரை, சிறுநீரில் அல்புமின், பாதம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

"இருக்கும் கூட்டத்தில் டாக்டருக்கு நேரம் ஏது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாதச் சோதனைக்கு டாக்டரே வேண்டும் என்பதில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்வு இருக்கிறதா என்று கேட்பதுதான் சோதனை. பயிற்சி பெற்ற செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். நாளெல்லாம் இழையோடு உழைத்த என் தந்தைக்கு அந்த ஓர் இழை கிடைக்கவில்லை!

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது. பாராட்டுக்குரிய பணி. மாத்திரை வரும் வாசலில் பாதத்தையும் பார்க்கும் வழக்கம் வேரூன்ற வேண்டும்.

நண்பர்களே, நாம் செய்யக்கூடியதும் உண்டு. நமது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இந்த ஆண்டு ஒரு நாற்காலியைப் பாதச் சோதனைக்கென்று போடுவோம். பேராசிரியர்கள் செவிலியர் ஒருவரை அழைத்து உதவ வேண்டுகிறேன். அதற்கும் முன்பாக, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!