பிந்தி வரும் மாணவர் பொருட்டு ஊரவருக்கு ஒரு மடல்

வலிகாமத்திலே வாழும் என் ஊரவராகிய பெரியோர்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும், சிறப்பாக உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான நாள் முதலாக வெளியே தலைகாட்டக் கூசியிருக்கும் பிள்ளைகளுக்கும் ரொறன்ரோவிலிருந்து வணக்கம்.

நம் ஊர்ப் பாடசாலையின் புலமைப்பரிசில் நிதிக்குப் பணவுதவி கோரி ஊர்ச் சங்கத்திலிருந்து அண்மையில் வந்த கடிதத்திலே, மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்று மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவானவர்களுக்கே உதவி வழங்கப்படும் என்றிருந்த நிபந்தனையைப் படித்தபோது, அதுபற்றிப் பகிரங்கமாக எழுதுவது என் கடமையென்று தோன்றியது. பணம் அனுப்புவேன், அதில் ஐயம் வேண்டா. ஆயினும் அந்த நிபந்தனையை நீக்குமாறு கேட்கும் உரிமை எனக்கு உண்டென்று கருதுகிறேன். பல்கலைக்கழகத்தின் முதல் ஈராண்டுகளிலே மிகத் தாழ்ந்த புள்ளிகளைப் பெற்று, முப்பது வயதைக் கடந்த பின்னர் வைத்தியக் கல்விக்கு விண்ணப்பித்து, இன்று இந்நகரிலே குடும்ப வைத்தியராகத் தொழில் புரிபவருள் நானும் ஒருவன்.

வைத்தியத் தொழில்மீது நம்மவர் கொண்ட அபிலாஷை நேற்று முளைத்ததன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே நம் இளைஞரைத் திரட்டி மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே போதித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கிய காலம் முதலாக அது நம் வீடுகளில் வளர்ந்து வந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்து, தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதியவர்கள் அதே பீடத்துக்குக் கூடுதலான புள்ளிகள் எடுத்தாக வேண்டும் என்று ஆனபோது, புள்ளி நம் மானத்தோடு பிணைந்து போயிற்று. 1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் தோன்றிய பின்னரும் அப்பிணைப்புத் தளரவில்லை. இசட் புள்ளியும், மாவட்ட வெட்டுப்புள்ளியும், மூன்று தடவைக்கு மேல் எழுதினால் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில்லை என்னும் விதியும் சேர்ந்து, மீசை அரும்பிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒருவனுடைய கல்வியைத் தீர்மானித்துவிடுகின்றன. அரசாங்கத்தின் விதியை நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் அந்த விதி கூறாத தீர்ப்பையும், அதாவது இவன் இனி எதற்கும் உதவான் என்பதையும், கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் கூறிவருபவர்கள் நாமே அல்லவா?

போரின் நடுவே கனடாவுக்கு வந்த நான், கொழும்பிலே தங்கியிருந்த சகோதரியை அழைப்பிப்பதற்குப் பட்ட கடனை அடைக்கும்பொருட்டு, ஸ்காபரோவிலே ஒரு தொழிற்சாலையில் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, அதே உடுப்போடு காலையிலே இரசாயன விரிவுரைக்குப் போய் அமர்ந்தேன். ஆங்கிலத்தில் விரைந்து பேசும் பேராசிரியரின் சொற்களில் பாதியே காதில் விழுந்த அந்நாட்களில் எடுத்த புள்ளிகள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. படிப்பை நிறுத்தி, ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திலே இரத்த மாதிரிகளைப் பதிவு செய்யும் உத்தியோகத்தில் சேர்ந்தேன். கடன் தீர்ந்து, சகோதரியும் ஒரு நிலைக்கு வந்த பின்னரே மீண்டும் வகுப்பறைக்குச் சென்றேன்.

இங்கே ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவ பீடங்களுக்குரிய விண்ணப்பங்கள் யாவும் குவெல்ஃப் நகரிலுள்ள ஒரே நிலையத்தின் வழியாகச் செல்கின்றன. உயர்கல்விக்கூடம் எதில் எப்போது கால் வைத்திருந்தாலும் அங்குள்ள பெறுபேறு முழுவதும் அந்நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஆகவே பழையதை மறைத்தல் இயலாது. புதியதை அதன் பக்கத்தில் வைத்தல் மாத்திரமே இயலும். சில பீடங்கள் எல்லா ஆண்டுகளையும் ஒரே நிறையோடு எடைபோட, வேறு சில மாணவனின் சிறந்த ஆண்டுகளையோ பிந்திய ஆண்டுகளையோ அதிகமாக மதிக்கின்றன; இவ்வேற்றுமையை ஆராயாது எல்லா இடங்களுக்கும் கட்டணம் கட்டுவது வீண்செலவு. முழுநேரப் பாடச்சுமையோடு ஆண்டுக்கணக்காக உயர்ந்த புள்ளிகளைப் பெற்றுக் காட்டினாலன்றி, வயதையும் அனுபவத்தையும் முன்வைத்து எவரும் இரங்கப்போவதில்லை. அதன்மேல் 472 முதல் 528 வரை புள்ளியிடப்படும் எம்கட் என்னும் பரீட்சை இருக்கிறது. பௌதிகமும் உயிரியலும் நம் பிள்ளைகளை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. தத்துவம், சரித்திரம், கலை முதலிய துறைகளிலிருந்து எடுத்த பந்திகளை வாசித்து ஆசிரியனின் கருத்தை உய்த்துணரச் செய்யும் பகுதியே, தமிழிலே கல்வி தொடங்கியவர்களை வீழ்த்துவது. அதற்குக் குறுக்கு வழி எதையும் நான் கண்டதில்லை; இரண்டு குளிர்காலம் பொதுநூலகத்தில் இருந்து வாசித்தேன்.

இத்தேசத்தார் நம்மிலும் தயாளர் என்று கருதிவிட வேண்டாம். 2025 இல் பிரம்ப்டனிலே புதிய பீடம் திறக்கப்படும் வரை நாடு முழுவதற்கும் 17 மருத்துவ பீடங்களே இருந்தன. விண்ணப்பிப்போரில் மிகப்பெரும் பகுதியினர் இடமின்றியே திரும்புகின்றனர். என்னோடு படித்தவர்களுள் என்னிலும் திறமைசாலிகள் சிலரும் அவ்வாறு திரும்பினர். எனினும், 1969 இல் முதல் மாணவரைச் சேர்த்த மக்மாஸ்ரர் மருத்துவ பீடம் விஞ்ஞானம் கற்காதவர்களுக்கும் இடமளித்தது. பல சிறு அறைகளில் பல பரீட்சகர்கள் தனித்தனியே சில நிமிஷம் பேசிப் பார்க்கும் நேர்முக முறையும் அங்கேதான் உருவாயிற்று. அம்முறையிலே எதிரே இருப்பவனுடைய பழைய புள்ளிகள் பெரும்பாலும் பரீட்சகருக்குத் தெரிவதில்லை. ஆய்வுகூடத்திலும் தொழிற்சாலையிலும் மனிதரோடு பழகிய பழக்கம் அந்த அறைகளில் எனக்குப் பெரிதும் அனுகூலமாயிற்று.

ஆதலால் என் விண்ணப்பம் இதுதான். நிதியின் ஒரு பகுதியை, மூன்றாந் தடவை பரீட்சைக்குத் தோற்றும் வறிய பிள்ளைகளுக்கும், மருத்துவ பீட அனுமதி கிடையாமல் தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் முதலியவற்றைக் கற்பவர்களுக்கும், வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள். தேர்ந்தெடுக்கும்போது முதற் பெறுபேற்றை மாத்திரம் பாராது, அதற்குப் பிந்தியவற்றையும் அக்காலத்தில் அப்பிள்ளையின் வீட்டில் உழைத்தவர் எவர் என்பதையும் விசாரியுங்கள். நிதிக்குப் புறம்பாக இன்னொன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவிலே 1996 முதலும், இங்கிலாந்திலே 2000 முதலும் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கென்று தனியான வைத்தியக் கற்கைநெறிகள் நடக்கின்றன. இலவசக் கல்வியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் குலைக்காமல், சில இடங்களையாவது அவ்வாறு பட்டதாரிகளுக்குத் திறக்குமாறு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்பதற்கு, நம் ஊரிலே கற்றறிந்தவர் பலர் இருக்கின்றனர்.

இம்மடலைச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே வாசித்து, நிபந்தனையை நீக்கும் பிரேரணையை வாக்கெடுப்புக்கு விடுமாறு வேண்டுகிறேன். முடிவு எதுவாயினும் இவ்வாண்டுக்குரிய என் பங்கு வழக்கம்போல வந்து சேரும். மூன்றாந் தடவை எழுதுகிற ஒரு பிள்ளையின் ரியூசன் செலவையும் விடுதிச் செலவையும் அதற்குப் புறம்பாக நானே ஏற்கிறேன். அப்பிள்ளை யாரென்பதை அதிபரே தீர்மானிக்கட்டும். பெயர் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

இங்ஙனம்,
உங்கள் ஊரவன்