பூமாதேவியின் முதுகில் மருந்துப் பம்பு



சிறுகதை எழுதச் சொன்னால் நம் மாணவர்களின் தாளில் தாய் பொறுமையில் பூமாதேவியாக இருப்பாள். அக்காள் நிலவைப் போலச் சிரிப்பாள். அழும் பெண்ணின் கண்களில் அருவி கொட்டும். பயிற்சி நூல்களும் போட்டிக் கதைகளும் கற்பித்த பாடம் இது. பெரியவர்கள் எழுதும் கதைகளிலும் இதே பூவும் நிலவும்தான். பெண்ணையும் இயற்கையையும் ஒப்பிட்டுவிட்டால் இலக்கியம் பிறந்துவிடும் என்னும் இந்த நம்பிக்கையை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நான் வாழும் செனாவாங்கில் இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. இவ்வட்டாரத்தில் முன்பு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கே பால்மரம் வெட்டிய பெண்களுக்கு இயற்கை என்பது என்ன? விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆகவே இருட்டிலேயே நிரைக்குப் போக வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோடு சீவினால் பால் குறையும். பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட இயலாது. மழை நம் கதைகளில் காதலுக்கு உதவும். அவர்களுக்கோ அது கூலி குறையும் நாள். ஒரு மரத்தின் தோலைத் தன் கைரேகைபோல் அறிந்த பெண்ணைப் 'பூப்போன்றவள்' என்று எழுதுவது அவளுடைய அறிவையே அழிப்பதாகும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. உரம் போடுவதும், உதிரிப் பழம் பொறுக்குவதும், களைக்கொல்லி தெளிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. முதுகில் பம்பைச் சுமந்து அவர்கள் தெளித்தவற்றுள் பாராகுவாட்டும் ஒன்று. உட்கொண்டால் மாற்று மருந்தில்லாத நஞ்சு அது. மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளும் நம் கதைகளில் பூமாதேவி பொறுமை காத்துக்கொண்டிருந்தாள். பொறுமையைப் புகழ்கின்றவர்கள் நஞ்சைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அந்த உவமையின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"சங்க இலக்கியமே பெண்ணை இயற்கையோடு இணைத்துத்தானே பாடியது?" என்று சிலர் கேட்கலாம். ஆம், இணைத்தது. எப்படி இணைத்தது என்று பாருங்கள். குறிஞ்சிப் பெண் தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறாள். நெய்தற் பெண் மீன் விற்கிறாள். நிலம், பொழுது, தொழில் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. தொழிலைக் கழித்துவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்த நாம்.

நல்ல சிறுகதைகள் இப்பாதையில் செல்லவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யில் இலங்கைத் தேயிலை மலை அழகு காட்டுவதற்காக வரவில்லை. மருதி என்னும் பெண்ணின் வாழ்வை அது விழுங்குகிறது. அவருடைய 'சாப விமோசன'த்தில் அகலிகை மீண்டும் கல்லாவது பொறுமையால் அன்று. சீதைக்கு நேர்ந்ததைக் கேட்டதனால். அம்பையின் 'காட்டில் ஒரு மான்' கதையில், பருவமெய்தாத தங்கம் அத்தை சொல்லும் கதையில் ஒரு மான் வேற்றுக் காட்டிற்கு வழி தவறிப் போகிறது, அஞ்சுகிறது, பிறகு அக்காட்டைத் தனதாக்கிக் கொள்கிறது. 'வறண்ட நிலம்' என்னும் தேய்ந்த உவமைக்கு அங்கே இடமில்லை.

பெண் இயல்பிலேயே இயற்கைக்கு நெருக்கமானவள் என்று பேசுவோருக்குப் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1992இலேயே மறுப்பு எழுதினார். யார் எந்த வேலையைச் செய்கிறார், நிலம் யார் கையில் இருக்கிறது என்பவையே அந்த உறவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் வாதம். நம் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கூற்று வேறில்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அலங்காரச் சொற்றொடருக்காகப் புள்ளிகளைத் துரத்த வேண்டிய கட்டாயம் இனி இல்லை. எனவே ஆசிரியர்களே, 'நிலவு முகம்' என்று எழுதும் மாணவனிடம், "உன் பாட்டி எந்த மரத்தை, எத்தனை மணிக்கு வெட்டினார்?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளைப் பாட்டியின் அருகில் அமர்த்துங்கள். உளி, மங்கு, காண்டா வாளி, கட்டிப்பால் ஆகிய சொற்களை இன்னும் வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள்தாம்; அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாட்டியின் ஒரு நாள் வேலையையாவது எழுதி முடிக்கட்டும்.