மூன்று ஊர் போதும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் கல்லூரிப் புகைப்பட மன்றத்தார் அடுத்த மார்கழி விடுமுறையில் தார் பாலைவனத்துக்குப் போகப்போகிறோம் என்பது இம்மலரைப் படிக்கும் பலருக்கும் தெரிந்த செய்திதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பயணத்திட்டத்தைப் பார்த்து, "ஒட்டகத்தைக் கேட்டதாகச் சொல்" என்று கேலி செய்த நண்பர்களும் உண்டு. நான் பயணத்துக்கு எதிரி அல்லன். மன்றத்தில் முதலில் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் திட்டத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மன்றக் கூட்டத்தில் சொன்னபோது நேரமில்லை என்றார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். மன்னார்குடியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ரயிலில் ஜோத்பூரின் பகத் கீ கோட்டி நிலையத்தில் போய் இறங்குவது. அங்கே ஒரு வாடகை வேன். பிறகு ஆறே நாட்களில் ஜோத்பூர், ஜெய்சல்மேர், குல்தரா, சாம் மணற்குன்றுகள், தனோட், லோங்கேவாலா, பிகானேர் என ஏழு இடங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் ஜோத்பூர். சாலைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் குறையவில்லை. அடுத்த ஊருக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக நான்கு நாட்கள் விடியுமுன் புறப்பாடு என்றும் எழுதியிருக்கிறது.

இங்கேதான் ஓர் இயற்பியல் மாணவன் குறுக்கிட வேண்டியிருக்கிறது. ஜெய்சல்மேர் நம் கடற்கரைக்கு ஏறத்தாழ ஒன்பது பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் முப்பத்தாறு நிமிடம். வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலத்தில் சூரியன் இன்னும் தாமதிக்கும். மார்கழியில் நமக்கு ஆறரை மணிக்குள் உதித்துவிடும் சூரியன் அங்கே ஏழேகாலுக்கு மேல்தான் எழும். மாலை ஆறு மணியளவில் மறைந்துவிடும். பகல் பத்தரை மணி நேரம்தான். புகைப்படக்காரனுக்கு அதில் உயிரான பகுதி காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும். திட்டப்படி அந்த நேரங்களில் நாம் எங்கே இருப்போம்? வேனுக்குள் இருப்போம், பாதிப்பேர் உறக்கத்தில். மூன்றாயிரம் கிலோமீட்டர் ரயிலேறிப் போய், நல்ல வெளிச்சத்தைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, நண்பகலில் கோட்டை வாசலில் நின்று ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு ஒரு மன்றம் எதற்கு?

நண்பகல் என்றதும் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர் பாலைக்குப் பொழுது நண்பகல் என்றும், வேனிலோடு பின்பனியும் உரியது என்றும் வகுத்திருக்கிறார். நம் இலக்கியத்துப் பாலை வேறு, ராஜஸ்தானத்துப் பாலைவனம் வேறு என்று தமிழ்த்துறை ஐயா என்னைத் திருத்துவார். இருந்தாலும் குளிர்காலத்து நண்பகல் ஒதுக்கத்தக்கதன்று என்பதற்கு என்னிடம் கணக்கு உண்டு. டிசம்பர் 22ஆம் நாள் ஜெய்சல்மேரில் உச்சிச் சூரியனின் உயரம் நாற்பது பாகைக்குள்தான். ஐந்தரை அடி மனிதனின் நிழல் உச்சிவேளையிலும் ஆறரை அடி நீளும். ஜூனில் அதே மனிதனின் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மணலின் மடிப்புகள் படத்தில் தெரிவது நிழலால்தான். அதனால்தான் குளிர்காலம் என்கிறேன். வெயிலுக்குப் பயந்து அல்ல. வெயிலும் சாதாரணமானது அன்று. இந்தியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 51 டிகிரி செல்சியஸ், 2016 மே மாதத்தில் அங்குள்ள பலோடியில்தான் பதிவானது.

பலோடியை நம் திட்டத்தில் யாரும் எழுதவில்லை. ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவில், சாலையோரத்தில் தேநீர் குடிக்கும் ஊராகக்கூட அதை மதிக்கவில்லை. நான் அங்கே மூன்று நாள் தங்கவேண்டும் என்கிறேன்.

பக்கத்தில் சில கிலோமீட்டரில் கீசன் என்றொரு சிற்றூர். மங்கோலியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்தைக் கடந்து, ஆயிரக்கணக்கான கொக்கினப் பறவைகள் குளிர்காலம் முழுதும் அங்கே தங்குகின்றன. சாம்பல் உடல், கருங்கழுத்து, கண்ணுக்குப் பின்னே வெண்குஞ்சம். ஊரார் 'குர்ஜா' என்பார்கள். அவற்றுக்கு ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தானியம் போட்டு வருகிறார்கள். அதற்கென்றே வேலியிட்ட இடமும் வைத்திருக்கிறார்கள். வெளியூர் போன கணவனிடம் சேதி சொல்லச் சொல்லிப் பெண்கள் இப்பறவையை வேண்டும் நாட்டுப்பாடல்கள் அங்கே உண்டு. நம் நாரைவிடு தூது யாருக்குத்தான் நினைவு வராது! 2025 ஜூனில் கீசன், ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இப்பறவைகள் வேனின் கால அட்டவணைக்கு இறங்கி வருபவை அல்ல. முதல் நாள் அவை எத்திசையிலிருந்து வருகின்றன, வெளிச்சம் எப்பக்கம் விழுகிறது என்று பார்க்கவேண்டும். காமிராவை உருப்படியாக எடுப்பது இரண்டாம் நாள்தான்.

"ரகுபீர் சிங் காரில் உட்கார்ந்தே படம் எடுக்கவில்லையா?" என்று மன்றச் செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. அம்பாசடர் காரையே சட்டமாக வைத்து அவர் எடுத்த படங்கள் அவர் மறைவுக்குப் பின், 2002இல், 'எ வே இன்டு இந்தியா' என்னும் நூலாக வந்தன. ஆனால் அவர் 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். ராஜஸ்தானத்தைப் பற்றிய அவர் நூல் வந்தது 1981இல். பிறந்த மண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்குக் கார் ஜன்னல் போதும். ஆறு நாள் விருந்தாளிக்குப் போதாது.

தார் வெறும் மணல் என்று நாம் எண்ணுவதும் பிழை. உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தது அது. மணலைவிடப் பாறையும் புதரும் புல்வெளியுமாகக் கிடக்கும் பகுதிகள் ஏராளம். மணற்குன்றில் ஜீப்பை ஏற்றி இறக்கிப் படம் எடுக்கலாம் என்று ஒரு நண்பர் துள்ளுகிறார். அந்தப் புல்வெளியில்தான் கானமயில் முட்டையிடுகிறது. ஒருகாலத்தில் தமிழகத்திலும் இருந்த பறவை. இன்று எஞ்சியவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்கிறார்கள், அவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர்ப் பக்கம். மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன என்பதற்காகக் கம்பிகளைப் பூமிக்கடியில் போட 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, 2024இல் அதைத் தளர்த்தியது. சூரிய மின்சாரமும் நாட்டுக்கு வேண்டியதாயிற்றே. அந்த வழக்கை நாம் தீர்க்க முடியாது. ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்த முடியும்.

பலோடியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். பலோடி உப்பு விளையும் ஊர். கடலுக்கு எத்தனையோ தொலைவில், பூமிக்கடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். வரைபடத்தில் அதைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் உறங்கவில்லை. என் தாய் தந்தையர் வேதாரண்யம் பக்கத்து உப்பளத் தொழிலாளிகள்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் நகரத்திலிருந்து சிலர் பெரிய காமிராக்களோடு எங்கள் அளத்துக்கு வந்தார்கள். விடியற்காலை. அரைமணி நேரம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டியில் அம்மா இருந்தார்கள். சூரியனுக்கு எதிரே குனிந்து உப்பு வாருகிறார்கள். பின்னால் அம்பாரம் பொன்னாகத் தெரிகிறது. கீழே உழைப்பைப் போற்றி ஒரு வரி. பொய் சொல்லமாட்டேன், அழகான படம். எனக்குப் புகைப்பட ஆசை வந்ததே அதனால்தான். அம்மா அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அன்னைக்கு ரவிக்கை தோள்ல கிழிஞ்சிருந்துச்சு தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேல சட்டையைப் போட்டிருப்பேன்ல." அப்பா அதைச் சுவரில் மாட்டவில்லை.

காமிராவின் ஒளிமானி வெண்மையைக் கண்டால் ஏமாந்துவிடும். உப்பையும் மணலையும் சாம்பலாக்கிவிடும், ஒரு படி வெளிச்சம் கூட்டி வைக்கவேண்டும் என்று மன்றத்தில் பாடம் நடத்துகிறோம். எதிரில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. கேட்பதற்கு நேரம் வேண்டும். ஆறு நாளில் ஏழு ஊர் பார்ப்பவனுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

ஆகவே என் மாற்றுத் திட்டம்: பலோடி, கீசன், ஜெய்சல்மேர். மூன்று ஊர் போதும். சாலை அறுநூறு கிலோமீட்டருக்குள் முடியும், வேன் வாடகையும் குறையும். தனோட்டையும் லோங்கேவாலாவையும் பார்க்காமல் போவதில் எனக்கும் வருத்தம்தான். 1971 போரைப் பற்றி அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். இரவில் கடுங்குளிர் இருக்கும், கம்பளியும் கூடுதல் மின்கலங்களும் வேண்டும். மின்கலம் குளிரில் சீக்கிரம் தீரும். சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

மொழிக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். கடைவீதியில் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டுப் பெரியவரிடம் போனேன். "படம் எடுத்துக்கொள்ளலாமா, அம்மா?" என்பதை மார்வாரியில் எப்படிக் கேட்பது என்று அவர் ஐந்தாறு முறை சொல்லிக்கொடுத்தார். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் பேத்தி சிரித்தாள். "எடுக்கவேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் எப்படி இருக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

செலவுக் கணக்கில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'படம் எடுக்கப்பட்டவர்களுக்குப் பிரதி அச்சிட்டு அஞ்சலில் அனுப்ப, ரூ. 800.' மன்றப் பொருளாளர் அதை அநாவசியம் என்று அடித்துவிட்டார். குல்தராவுக்கு வேன் போகாவிட்டால் மிச்சமாகும் டீசல் காசைக் காட்டி, அதே வரியை அடுத்த தாளில் மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.